சோற்றுக்காகச் சொன்ன குதிரை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு யூன் மாதக் காலையில், ரொறன்ரோவுக்கு வடக்கே, எவ்வளவு பழையது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாத ஒரு காட்டுப்பாதையில் நான் குதிரையில் போனேன். போகவும் வரவும் ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்பு நான் குதிரை ஏறியதில்லை. அதற்குப் பிறகும் ஏறவில்லை. ஏறியதற்குக் காரணம் சோறு.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தானாகச் சாப்பிடமாட்டாள். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் ஒரு பருக்கையை எடுத்து அதன் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். வைத்தியர் எடையைப் பார்த்துவிட்டு, “விட்டுவிடுங்கள், பசித்தால் சாப்பிடுவாள்” என்றார். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பருப்பும் சோறும் குழைத்து ஊட்டினேன். பசிக்காவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லையே. நான் அவளுக்கு ஊட்டுகிறேன், எங்கள் பேச்சில் தீத்துகிறேன், என்பது எங்கள் வீட்டில் ஒரு செய்தியே அல்ல. எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அம்மாக்கள்தான் ஊட்டினார்கள். ஒரு வாய்க்கு ஒரு வசனம் என்று கதையும் சொல்லவேண்டும். கதை நின்றால் வாய் மூடிவிடும்.

வாய் மூடுவதில் அவள் கெட்டிக்காரி என்பதைப் பாடசாலையிலும் அறிந்திருந்தார்கள். செப்டெம்பரில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவள் மார்ச் வரை வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் ஓயமாட்டாள். வகுப்பு வாசலைத் தாண்டினால் ஒன்றுமில்லை. ஆசிரியை என்னை மூன்று தடவை கூப்பிட்டுக் கதைத்தார். அன்பாகத்தான் கதைத்தார். வீட்டில் ஆங்கிலம் பேசாதது பிழையோ, அதிகம் பேசியது பிழையோ, நான் பயந்த சுபாவம் என்பதால் அவளுக்கும் அது தொற்றியதோ என்று ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு புதுக் காரணம் கண்டுபிடிப்பேன். எல்லாக் காரணங்களும் என்னிடமே வந்து முடிந்தன.

குதிரைக் கதை வந்தது இப்படித்தான். என் அப்பா ஆசிரியர். நான் சிறுமியாக இருந்தபோது இரண்டு வருடம் அவருக்கு நெடுந்தீவில் வேலை. யாழ்ப்பாணத்தின் தீவுகளில் அது ஒன்று. ஒல்லாந்தர் காலத்தில் விட்டுவிட்டுப் போன குதிரைகள் அங்கே இன்னும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. நான் அவற்றைக் கல்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஒன்று தும்மினாலும் வீட்டுக்கு ஓடிவிடுவேன். ஒருநாள் மீன்குழம்புச் சோறு பாதியில் நின்றபோது, வேறு கதை கைவசம் இல்லாமல், “அம்மா சின்னனிலை குதிரை ஓடினனான் தெரியுமோ?” என்றேன். வாய் திறந்தது. மறுநாள் குதிரைக்கு நிறம் வந்தது. அடுத்த கிழமை அந்தக் குதிரை என்னை ஏற்றிக்கொண்டு ஆழமில்லாத கடலுக்குள்ளால் அடுத்த தீவுக்கு நடந்தது. மார்ச் மாதம் முழுவதும் அவள் கோப்பை காலியானது. நான் செய்தது பிழை என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவள் இதை மட்டும் யோசிக்கவில்லை.

ஒருநாள் பிற்பகல் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவருடைய குரல் நடுங்கியது.

“உங்கள் மகள் இன்று பேசினாள்” என்றார் அவர் ஆங்கிலத்தில். குதிரைப் படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தபோது தானாக எழுந்து நின்று, என் அம்மா கடலுக்குள் குதிரை ஓடினவ என்று சொல்லியிருக்கிறாள். முழுதாக நான்கு வசனம். அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். எல்லாம் அந்தக் குதிரையைப் பற்றியதே.

மே மாதக் கடைசியில் இரண்டாவது அழைப்பு. வகுப்பு ஒரு பண்ணைக்குப் போகிறது. பிள்ளைகள் வைக்கோல் வண்டியில் போவார்கள். குதிரை ஓடத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் குதிரையில் வரலாம் என்று பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார். “உங்கள் மகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள்.”

மகள் சமையலறை வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. நான் வருகிறேன் என்றேன்.

கணவர் மார்க்கம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். ஒரு சப்பாத்தோடு நின்றார்.

“இஞ்சரும், நீர் சைக்கிளிலை எனக்குப் பின்னாலை இருந்து வரவே ‘மெல்ல, மெல்ல’ எண்டு ஊருக்குக் கேக்கக் கத்தின ஆள்.”

“தெரியும்.”

“குதிரைக்கு பிரேக் இல்லை. அதுவாவது தெரியுமோ?”

“பகிடி விடாதேங்கோ. இப்ப என்ன செய்யிறது?”

“ரீச்சருக்குப் போன் பண்ணி, சோறு தீத்தச் சொன்ன கதை எண்டு சொல்லும். சிரிச்சுப்போட்டு விடுவா.”

“ரீச்சர் சிரிப்பா. வகுப்பிலை பிள்ளைகளும் சிரிக்குங்கள். பிள்ளை திரும்பவும் வாயை மூடினால்?”

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி இரண்டையும் ஒழுங்காக வைத்தார். “அப்ப சோபாவிலை ஏறிப் பழகும்” என்றார்.

நான் உண்மையாகவே பழகினேன். நூலகத்தில் குதிரையேற்றப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, சோபாவின் கைப்பிடியில் இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்து, குதிக்கால் கீழே, முழங்கை உடம்போடு என்று பாடமாக்கினேன். பரீட்சைக்குப் படித்ததுபோலக் குறிப்பு எழுதினேன். இரண்டு தடவை ஆசிரியையின் தொலைபேசி எண்ணை அழுத்திவிட்டு மணி அடிக்கும் முன் வைத்தேன். மகளிடமாவது சொல்லவேண்டும் என்று ஒரு பின்னேரம் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே தொடங்கினேன்.

“பிள்ளை, அந்தக் குதிரைக் கதையெல்லே…”

“அம்மா, அவள் குதிரைக்கு என்ன பெயர் எண்டு கேட்டவள். பெயர் இல்லை எண்டு சொன்னனான். சரிதானே?”

“சரி.”

“அவள்” என்றால் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுமி. முகம் நிறைய மண்ணிறப் புள்ளிகள், முன்பல் இரண்டு இல்லை. எதையும் இலகுவில் நம்பாதவள் என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் கேள்வி கேட்பதால்தான் மகள் பதில் சொன்னாள். அதனால் அவளிடம் எனக்கு நன்றியும் இருந்தது, பயமும் இருந்தது.

பண்ணைக்குப் போய் இறங்கியபோது வெயில் மிதமாக இருந்தது. பிள்ளைகளை வைக்கோல் கட்டுகளில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் லாயப் பக்கம் போய்ப் பண்ணைக்காரியைக் கண்டேன். நாற்பது வயதிருக்கும். இத்தாலியில் பிறந்து சிறுவயதில் வந்தவள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அவள் வாய் திறக்குமுன்பே நான் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குக் குதிரை ஓடத் தெரியாது, மகளிடம் பொய் சொன்னேன், அவள் அதை வகுப்பில் சொன்னாள், அதனால்தான் பேசத் தொடங்கினாள்.

அவள் சிரிக்கவில்லை. “உங்கள் எடை என்ன?” என்று கேட்டாள்.

சொன்னேன்.

உள்ளே போய் ஒரு சாம்பல் நிறக் குதிரையைக் கூட்டிவந்தாள். முகத்தில் மயிர் வெளுத்த கிழட்டுப் பெண்குதிரை. “இருபது வருடமாக இந்தப் பாதையில் போகிறாள், வருகிறாள். வேறொன்றும் செய்யமாட்டாள். நீங்களும் ஒன்றும் செய்ய வேண்டாம். வாரை இழுக்கவேண்டாம், காலால் தட்டவேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உங்கள் வேலை.”

உலகத்தில் எனக்குத் தெரியாத ஒரே வேலை அது.

மரப்படியில் ஏறி, நான் போட்டுவந்த கணவரின் ஜீன்ஸின் காலை மடித்துக்கொண்டு, சேணத்தில் இருந்தேன். நிலம் நான் நினைத்ததைவிடத் தூரத்தில் இருந்தது. பண்ணைக்காரியின் கணவர் டிராக்டரை எடுத்தார். அதன் பின்னால் வண்டி. வண்டியின் பின்பக்கம் திறந்திருந்ததால் பிள்ளைகள் எல்லோரும் பின்னால் பார்த்தபடி இருந்தார்கள். அதாவது என்னைப் பார்த்தபடி. என் மகள் நடுவில். பக்கத்தில் புள்ளி முகத்துச் சிறுமி. பண்ணைக்காரி தன் குதிரையில் எனக்குப் பக்கத்தில் வந்தாள். மகள் கையை உயர்த்தவில்லை, கூப்பிடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஆனால் அந்த முகத்தை நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை.

முதலில் சோள வயல். நாற்று முழங்கால் உயரம்கூட இல்லை. பிறகு மரங்கள் தொடங்கின. பாதை இறங்கி, இரண்டு பக்கமும் மண்கரை எழும்பி, கொஞ்சத் தூரத்தில் கரை குதிரையின் வயிற்றளவு வந்துவிட்டது. இந்த மண்ணின் ஆதிக்குடி மக்கள் நடந்த பாதை இது என்று ஆசிரியை வண்டியில் நின்று சொன்னார். ஆற்றில் ஓட முடியாத இடங்களில் மரப்பட்டைப் படகுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கு ஏரியிலிருந்து வடக்கு ஏரிக்குப் போனார்களாம். யாரும் வெட்டிய பாதை அல்ல. நடந்து நடந்து ஆனது.

“என் அம்மாவின் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது” என்றாள் பண்ணைக்காரி மெல்லிய குரலில். ரோமருக்கு முன்னால் அங்கே எத்ரூஸ்கர் என்று ஒரு மக்கள் இருந்தார்கள், அவர்கள் மென்மையான எரிமலைப்பாறையைக் குடைந்து போட்ட பாதை, குதிரையில் இருக்கிறவனுடைய தலைக்கு மேலேயும் இரண்டு பங்கு உயரத்துக்குச் சுவர் நிற்கும், நடுப்பகலிலும் உள்ளே குளிரும் என்றாள். “அவர்கள் எழுதிவைத்ததை இன்றைக்கும் முழுதாக விளங்கிக்கொள்ள ஆள் இல்லை. பாதை மட்டும் இருக்கிறது. என் மாமா அதில் சந்தைக்குக் குதிரையில் போவார். நான் முன்னால் இருப்பேன்.”

எனக்கு அவளிடம் ஏதாவது திருப்பிச் சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் சொல்வதற்கு என்னிடம் உண்மையான குதிரை இல்லை. தலையாட்டினேன்.

மேப்பிள் மரங்களுக்குள் போனபோது டிராக்டரின் சத்தம் மட்டுப்பட்டது. குதிரையின் முதுகு எனக்குக் கீழே இடமும் வலமுமாக அசைந்தது. முதலில் அந்த அசைவை எதிர்த்து இருந்தேன், இடுப்பு நொந்தது. பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டேன். விட்டபிறகு நோகவில்லை. ஈரமண்ணும் குதிரை வியர்வையும் கலந்த மணம். பாதையின் குறுக்கே ஒரு வேர் வந்தால் கிழட்டுக் குதிரை வேகத்தைக் குறைத்து, காலைத் தூக்கி வைத்து, மறுபடி நடந்தாள். எங்கே வேர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிவந்து அடுப்பைப் பார்க்கிறவள் நான். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பார்த்தாலும் செய்ய ஒன்றும் இல்லை. மகள் பிறந்ததிலிருந்து எதையும் காது கொடுத்துக் காவல் இருக்காமல் நான் இருந்த நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். அரைமணி நேரம் இருக்கும். அந்த அரைமணி நேரத்தில் நான் பொய்க்காரி என்பதையும் மறந்துவிட்டேன்.

பாதை ஒரு நீரோடையில் போய் நின்றது. ஆசிரியை பழச்சாறும் அப்பிளும் கொடுக்கத் தொடங்கினார். இறங்குவதற்கு அங்கே மரப்படி இல்லாததால் நான் குதிரை மேலேயே இருந்தேன். புள்ளி முகத்துச் சிறுமி வண்டியின் விளிம்புக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் என்னைக் கேட்டாள்:

“நீங்கள் உண்மையாகவே கடலுக்குள் குதிரை ஓடினீர்களா?”

ஆசிரியை அப்பிள் பெட்டியோடு என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். குதிரையில்தானே இருக்கிறேன், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சிறுமியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. ஊட்டும்போது வந்த பொய், கேட்டபோது வரவில்லை.

“இல்லை” என்றேன். “நான் குதிரையில் ஏறியது இன்றைக்குத்தான். சின்ன வயதில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். இவள் சோறு சாப்பிடமாட்டாள். நான் ஊட்டும்போது, சாப்பிடவேண்டும் என்பதற்காக அந்தக் கதையைச் சொன்னேன். இவள் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.”

ஆசிரியை அப்பிள் பெட்டியைக் கீழே வைத்தார்.

“இன்றைக்குத்தான் முதல் தடவையா?” என்றான் ஒருவன்.

“ஓம்.”

“பயமாக இருக்கிறதா?” என்றாள் இன்னொருத்தி.

“சரியான பயம்.”

அது அவர்களுக்குக் கடலைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். இறுக்கிப் பிடியுங்கள், கீழே பார்க்காதீர்கள், விழுந்தால் உருளுங்கள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எனக்குப் புத்திமதி வந்தது. ஆசிரியை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என் மகள் மட்டும் எழுந்து, வைக்கோல் கட்டின் மறுபக்கம் போய், டிராக்டரைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது அவளுடைய முதுகில் கிடந்த பின்னல் இரண்டையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அதே பாதை, அதே வேர்கள். ஆனால் என் இடுப்பு மறுபடி இறுகிவிட்டது. தனியாக வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம். நேற்றே சொல்லியிருக்கலாம். இல்லாவிட்டால் சொல்லாமலே விட்டிருக்கலாம்; ஒரு சின்னப் பொய்யால் யாருக்கு நட்டம்? ஆறு மாத மௌனத்தை ஒரு குதிரை உடைத்தது, அந்தக் குதிரையை நான் அத்தனை பேருக்கும் முன்னால் கொன்றுவிட்டேன். “இறங்கி நடக்கிறீர்களா?” என்று பண்ணைக்காரி கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏறியதற்கு முழுதாகவாவது வந்து சேருவோம் என்றிருந்தது.

பண்ணையில் இறங்கியபோது கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. மரப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் வரிசையிலிருந்து வெளியே வந்து எனக்கு முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“ஏனம்மா சொன்னனீங்கள்?” என்றாள்.

“பொய் சொல்லக்கூடாதெல்லே பிள்ளை. அம்மா செய்தது பிழை. குதிரை ஓடினனான் எண்டு…”

“குதிரையை இல்லை!” என்று காலால் நிலத்தை உதைத்தாள். “நீங்கள் எனக்குத் தீத்திறனீங்கள் எண்டு ஏன் சொன்னனீங்கள்? எல்லாருக்கும் கேட்டுட்டுது. அவையள் எல்லாரும் தாங்களாத்தான் சாப்பிடுறவை. I’m not a baby.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. மூன்று கிழமை ஒரு பக்கத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், அடி விழுந்தது மறுபக்கத்தில். ஊட்டுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்க வாய் உன்னியது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும், இருக்கிறது என்று விளங்கிற்று. அவள் தினமும் மதியம் இருபத்துநான்கு பிள்ளைகளோடு இருந்து தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறவள். அங்கே என்ன விதி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“அம்மாவுக்குத் தெரியேல்லை” என்றேன். “இனிச் சொல்லமாட்டன்.”

“சொல்லியாச்சுத்தானே” என்றாள் அவள், பெரிய மனுஷிபோல. சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் அவளுக்கென்று இடம் பிடித்து வைத்திருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் இரண்டு இருக்கை முன்னால் யன்னலோரமாக இருந்தாள். புள்ளி முகத்துச் சிறுமி வந்து பக்கத்தில் இருந்தாள். பஸ் கிளம்புமுன் அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“உன் அம்மா உனக்குக் கையால் ஊட்டுவாவா? கரண்டி இல்லாமல்?”

மகள் யன்னலைப் பார்த்தாள். பேச்சுப் போயிற்று என்று நினைத்தேன்.

“கதையும் சொல்லுவாவா? ஒவ்வொரு நாளுமா?”

“ஓம்” என்பதற்கு மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“என் அம்மா ரீவியைப் போட்டுவிட்டுப் போய்விடுவா” என்றாள் அந்தச் சிறுமி. கொஞ்சம் பொறுத்து, “கடலுக்குள் போன பிறகு குதிரைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள்.

“அது உண்மை இல்லை எண்டு அம்மா சொன்னவதானே” என்றாள் மகள் ஆங்கிலத்தில், கோபம் போகாத குரலில்.

“தெரியும். என்ன நடந்தது?”

சாரதி இயந்திரத்தை முடுக்கினார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பண்ணை வீடுகள் போய், புது வீடுகளின் கூரைகள் வந்து, பெரிய தெரு வந்து, ஸ்காபரோ வரும்வரை இரண்டு இருக்கைக்கு அப்பால் அவளுடைய கன்னம் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினாள். குதிரையோ, கடலோ, நானோ, என்னவென்று தெரியவில்லை. எட்டிப் போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். பிறகு சேணத்தில் இருந்ததுபோல இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.